இல்லத் தோட்டம்: அழுகிய கற்றாழைக்கு மறுவாழ்வு



மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டும் நாட்களில், இல்லத் தோட்டத்தில் நாம் மிகுதியாக இழக்கும் செடி எது என்று கேட்டால், ரோஜா என்றோ மல்லிகை என்றோ பலரும் விடை கூறுவர். உண்மையில் தொட்டிகளில் அதிகமாக மடிவது, யாரும் கவலைப்படாமல் மூலையில் வைத்திருக்கும் சோற்றுக் கற்றாழையே ஆகும். 'அது எதையும் தாங்கும் செடி' என்று எண்ணி அதனை நாம் கவனிப்பதில்லை. மடல் சாய்ந்த பிறகே பதறுகிறோம். பதற்றத்தில் முதலில் செய்வது, ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவதுதான். பல தொட்டிகளில் செடியின் ஆயுளை முடித்து வைப்பது அந்தச் செம்புத் தண்ணீரே.

தச்சநல்லூரிலிருந்து ஒரு சகோதரி இப்பகுதிக்கு எழுதியுள்ளார். மணமாகி வந்த ஆண்டில் தம் உம்மாவின் வீட்டு வளவிலிருந்து அவர் கொண்டுவந்து வைத்த கற்றாழை அது. உம்மா இன்று இல்லை. தார்சா ஓரத்தில் அந்தத் தொட்டி மட்டும் இருக்கிறது. சகோதரி இரண்டு வாரம் வெளியூர் சென்றிருந்தபோது, வீட்டுப் பிள்ளைகள் உம்மும்மாவின் செடி வாடிவிடக் கூடாதே என்னும் அன்பினால் நாள்தோறும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி வந்துள்ளனர். அவர் திரும்பி வந்தபோது அடி மடல்கள் வெந்த கத்தரிக்காய் போலத் துவண்டு, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டனவாம். வீட்டில் உள்ளோர் தூர எறிந்துவிடச் சொல்கின்றனர். அவருக்கோ மனம் வரவில்லை. மீட்க வழியுண்டா என்று கேட்டுள்ளார்.

வழியுண்டு. செடியின் நடுக்குருத்து இன்னும் உறுதியாக நிற்குமானால் நம்பிக்கையோடு இறங்கலாம். குருத்தே போய்விட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது. அவற்றைக் கூறுமுன், இச்செடியின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. இயல்பை அறிந்தால் மருத்துவம் தானே விளங்கும்.

நீரைச் சுமந்து வாழும் செடி

கற்றாழை நம் ஊர்ப் பொட்டல்களில் தானாகவே வளர்ந்து கிடப்பதால் அது நம் மண்ணுக்கே உரியது என்று எண்ணுகிறோம். தாவரவியலார் அதன் தாயகமாகக் கொள்வது அரேபியத் தீபகற்பத்தையாகும். 2015 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு ஒன்றும் அவ்வாறே காட்டியது. இன்று அது இயற்கையாக வளரும் இடமாக ஓமன் நாட்டு மலைப்பகுதி குறிக்கப்படுகிறது. மழை அரிதான, கல்லும் சரளையும் நிறைந்த சரிவுகள் அவை. எப்போதாவது பெய்யும் மழை நொடியில் வடிந்துவிடும். வடியும் முன் எவ்வளவு நீரைப் பருக முடியுமோ அவ்வளவையும் பருகி, மடலுக்குள் சேமித்து, அடுத்த மழைவரை அதனைக் கொண்டே காலந்தள்ளுவது அச்செடியின் வாழ்க்கை முறை. மடலின் உள்ளே இருக்கும் 'சோறு' நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே ஆகும்.

சேமித்த நீரைக் காப்பதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்கும். அவ்வேளையில் ஈரமும் ஆவியாக வெளியேறும். கற்றாழையோ பகலெல்லாம் துளைகளை மூடிவைத்து, வெப்பம் தணிந்த இரவில் திறக்கிறது. இரவில் வாங்கிய கரியமில வாயுவைப் புளிப்புப் பொருளாக மாற்றி வைத்துக்கொண்டு, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகிறது. நம் வீடுகளில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் ரணகள்ளியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் இலை காலையில் புளிக்கும், நண்பகலில் சுவையற்றிருக்கும். இதனை வாயில் வைத்துப் பார்த்து, வியந்து, எழுதி அனுப்பியவர் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த பெஞ்சமின் ஹைன் என்னும் தாவர ஆய்வாளர். அவரது குறிப்பு 1815 ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சாயிற்று. இரவில் மூச்சு வாங்கும் செடிகளைப் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றில் அக்குறிப்பு இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இச்செடியின் வலிமைக்கு நம் கண்முன்னே இன்னொரு சான்றும் உண்டு. கடைவாசல்களிலும் புதுமனைகளிலும் சிலர் கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவர். அவர்கள் அதனைக் கட்டும் நோக்கம் பற்றி இங்கே நமக்குப் பேச்சில்லை. ஆனால் மண்ணும் இல்லாமல், நீரும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் அச்செடி மாதக்கணக்கில் பசுமையாக இருப்பதை யாரும் பார்த்திருக்கலாம். மண்ணின்றி மாதக்கணக்கில் உயிர்தரிக்கும் ஒரு செடி, தண்ணீர் தேங்கிய தொட்டியில் சில வாரங்களிலேயே அழுகிவிடுகிறது. அழுகிய செடியை மீட்கும் முறை முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

வேருக்கும் மூச்சு உண்டு

தண்ணீர் எப்படிக் கொல்கிறது? செடியின் வேர் மண்ணிலுள்ள நீரை மட்டும் நாடுவதில்லை. மண்துகள்களின் இடைவெளியிலுள்ள காற்றையும் சுவாசிக்கிறது. தொட்டியில் நீர் தேங்கினால் அவ்விடைவெளிகள் நீரால் நிரம்பிவிடும். வேர் மூச்சுத் திணறி இறக்கும். இறந்த வேரை, ஈரத்தை விரும்பும் பூஞ்சணங்களும் நுண்கிருமிகளும் பற்றும். அழுகல் வேரிலிருந்து தண்டுக்கும், தண்டிலிருந்து மடலுக்கும் ஏறும்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். வேர் அழிந்துவிட்டதால் செடியால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் மடல் வாடித் தொங்கும். பார்ப்பவருக்கு அது தாகத்தால் வாடுவது போலவே தோன்றும். இரக்கப்பட்டு மேலும் ஊற்றுவோம். எஞ்சிய ஒன்றிரண்டு வேர்களும் அத்துடன் போய்விடும்.

பொருநைக் கரையில் வாழும் நமக்கு இது ஆண்டுதோறும் வரும் சோதனை. கோடையெல்லாம் காய்ந்து கிடக்கும் நம் பகுதிக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே பெரும் மழை. சிறிது சிறிதாகப் பெய்யாமல் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது அதன் வழக்கம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் எளிதில் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதிலும் பெறும் மழையினும் அது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லைச் சந்திப்பைச் சுற்றிய பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. உயிரும் உடைமையும் போன அவ்வேளையில் பூந்தொட்டியை நினைப்பார் இல்லை, நினைக்கவும் கூடாது. ஆயினும் வெள்ளம் வடிந்தபின் வளவைக் கழுவித் தூய்மை செய்யும்போது, சேறு படிந்த தொட்டியில் இன்னும் பச்சையாக நிற்கும் ஒரு குருத்தைக் கண்டால், அதனையும் காப்பாற்றத் தெரிந்திருப்பது நல்லதே.

நோயைச் சரியாக அறிதல்

மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும். கற்றாழை வாடுவதற்குக் காரணங்கள் பல. கண்ணாலும் கையாலும் அவற்றை வேறுபடுத்தி அறியலாம்.

தாகத்தால் வாடிய மடல் மெலிந்து, ஓரங்கள் உட்புறமாகச் சுருண்டு, குழிந்து காணப்படும். நுனி காய்ந்திருக்கும். அழுத்தினால் வளையுமே அன்றி நசுங்காது. நாற்றம் இராது. இதற்குத் தண்ணீரே மருந்து.

அழுகலால் வாடிய மடல் நீர்கோத்தது போல் பளபளத்து, வெளிறி, பின் பழுப்பேறும். அழுத்தினால் விரல் உள்ளே இறங்கும். அடிப்பகுதியில் கெட்ட வாடை வீசும். செடியை மெல்ல ஆட்டினால் பல் ஆடுவது போல அடியோடு ஆடும். இதற்குத் தண்ணீர் நஞ்சு.

வெயிலால் தாக்குண்ட மடல் செம்பழுப்பு நிறம் பெறும். ஆனால் கெட்டியாகவே இருக்கும். நிழலில் இருந்த தொட்டியைத் திடீரென்று மொட்டை மாடியின் சித்திரை வெயிலில் கொண்டுபோய் வைத்தால் இவ்வாறு நேரும். மிதமான நிழலுக்கு மாற்றினால் நாளடைவில் பச்சை திரும்பும்.

மடலின் இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் துடைத்தெடுத்தால் போதும். வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு வாரங்கள் துடைத்து வரவேண்டும்.

தச்சநல்லூர்ச் சகோதரி எழுதியிருக்கும் அடையாளங்கள் அழுகலையே காட்டுகின்றன. ஆகவே அதற்குரிய முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மீட்கும் முறை

முதலாவது, தண்ணீரை நிறுத்துவது மட்டும் போதாது. செடியைத் தொட்டியிலிருந்து உடனே வெளியே எடுத்தாக வேண்டும். ஈரமான மண்ணில் நின்றபடி அது தேறாது. தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி, மண்கட்டியோடு வெளியே எடுங்கள். மடலைப் பிடித்து இழுக்கலாகாது. பழைய மண்ணை முற்றிலும் உதிர்த்துவிடுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டாவது, வேரை ஆராயுங்கள். நல்ல வேர் வெளிர்மஞ்சளாகவோ வெண்மையாகவோ, உறுதியாக இருக்கும். கெட்ட வேர் கறுத்து, இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று வரும். கெட்டதையெல்லாம் வெட்டி நீக்குங்கள். நசுங்கும் மடல்களையும் தண்டோடு ஒட்டப் பிய்த்தெடுங்கள். 'பாதி நன்றாக இருக்கிறதே' என்று இரக்கம் காட்டினால் அந்தப் பாதியின் வழியே அழுகல் மீண்டும் ஏறும்.

மூன்றாவது, தண்டின் அடியைப் பாருங்கள். கூரிய கத்தி ஒன்றை ஸ்பிரிட்டில் துடைத்தோ நெருப்பில் காட்டி ஆறவைத்தோ எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையமோ கறுப்புப் புள்ளியோ தெரியும்வரை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கத்தியே நோயை மேலே ஏற்றிவிடும். வெட்டுவாய் முழுவதும் தூய வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வேர் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். அஞ்ச வேண்டாம். நல்ல தண்டு ஓர் அங்குலமும் அதன்மேல் உறுதியான குருத்தும் இருந்தால், புது வேர் விடும் ஆற்றல் அச்செடிக்கு உண்டு.

நான்காவது, உலர்த்துதல். எல்லாவற்றினும் முக்கியமானது இதுவே. நாம் பெரும்பாலும் தவறவிடுவதும் இதுவே. வெட்டிய செடியைப் பழைய செய்தித்தாள் ஒன்றின்மீது, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் அப்படியே கிடத்திவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து, தோல் போல இறுகிப் பொருக்குக் கட்ட வேண்டும். வறண்ட காலமாயின் ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும். மழைக்காலமாயின் பத்து நாட்களும் அதற்கு மேலும் ஆகலாம். சிலர் வெட்டுவாயில் மஞ்சள்தூளோ அடுப்புச் சாம்பலோ தடவுவர். தடவுவதில் தீங்கில்லை. ஆனால் செடியைக் காப்பாற்றுவது அந்தத் தூளைவிட அந்தப் பத்து நாள் உலர்ச்சிதான். இந்நாட்களில் மடல்கள் சற்றே மெலியும். பார்ப்பவர்கள் 'செத்துக்கொண்டிருக்கிறதே, தண்ணீரில் போடு' என்பார்கள். கேளாதீர்கள். தன் மடலிலுள்ள நீரைக் கொண்டு அது வாழ்ந்துகொண்டிருக்கிறது.

ஐந்தாவது, புது மண். நம் வயற்காட்டு வண்டலும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் நெல்லுக்கும் பருத்திக்கும் உகந்தவை. நீரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்வதால் தொட்டிக் கற்றாழைக்கு உதவா. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக் காடுகளின் செம்மணலில் தண்ணீர் நிற்பதில்லை. அத்தன்மையே நமக்கு வேண்டியது. செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் சிறுதுண்டுகள் அரைப்பங்கு, நன்கு மட்கிய எரு ஒரு கைப்பிடி என்னும் அளவில் கலந்துகொள்ளலாம். ஆற்றுமணல் கிடைக்காத இக்காலத்தில் கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் மணலைப் பயன்படுத்துவோர், அதனைச் சலித்து, மாவு போன்ற தூளை நீக்கிவிட்டுக் குருணையை மட்டும் எடுக்க வேண்டும். அத்தூள் சிமெண்டு போல் இறுகி நீர்வழியை அடைத்துவிடும்.

நாற்றுப் பண்ணைகளிலிருந்து வாங்கிவரும் செடிகளைப் பற்றியும் ஒரு சொல். அவை பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில் வைத்துத் தரப்படுகின்றன. எடை குறைவு என்பதால் வண்டியில் ஏற்ற எளிது. ஆனால் நார்க்கழிவு நீரை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும். வாங்கிவந்த சில நாட்களில் அதனை உதிர்த்துவிட்டு, மேற்கூறிய கலவைக்கு மாற்றிவிடுவது நலம்.

ஆறாவது, தொட்டி. பிளாஸ்டிக் தொட்டியைவிட மண்தொட்டி சிறந்தது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் கசிந்து உலரும். கற்றாழையின் வேர் ஆழமாக இறங்காமல் அகலமாகப் படர்வதால், உயரம் குறைந்த அகன்ற தொட்டியே ஏற்றது. அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும். துளைமீது ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் அடைக்காது. செடி சிறுத்துவிட்டதற்கு ஏற்பத் தொட்டியையும் சிறிதாகத் தேர்ந்தெடுங்கள். பெரிய தொட்டியிலுள்ள மிகுதியான மண், வேர் எட்டாத இடத்திலெல்லாம் ஈரத்தைத் தேக்கி வைக்கும்.

ஏழாவது, நடுதலும் முதல் நீரும். காய்ந்த கலவையில், தண்டு மட்டும் மறையுமாறு நடுங்கள். ஆடாமலிருக்கச் சுற்றிலும் சிறுகற்களை அணைகொடுக்கலாம். நட்ட அன்று தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஓரமாகச் சிறிதளவு ஊற்றுங்கள். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு மெல்ல அசைத்துப் பாருங்கள். மண்ணைப் பற்றிக்கொண்டு எதிர்த்து நிற்குமானால் வேர் விட்டுவிட்டது என்று பொருள். நடுவில் இளம்பச்சைக் குருத்து நீளத் தொடங்கினால் செடி பிழைத்துவிட்டது.

குருத்தும் அழுகிவிட்டால்

நடுக்குருத்து கையோடு வந்துவிட்டால் அந்தத் தண்டு மீள்வது கடினம். எனினும் தொட்டியை எறிந்துவிடாதீர்கள். மண்ணை விரலால் கிளறிப் பாருங்கள். வளர்ந்த கற்றாழையின் அடியில் பக்கக் கன்றுகள் முளைத்திருக்கும். தாய் அழுகிய நிலையிலும் ஒன்றிரண்டு கன்றுகள் உறுதியாக இருக்கக் கூடும். அவற்றைத் தாயிடமிருந்து பிரித்து, வெட்டுவாயை இரண்டு மூன்று நாட்கள் உலர்த்தி, தனித்தனிச் சிறு தொட்டிகளில் நட்டுவிடலாம்.

இங்கே, உம்மாவின் செடி என்று கலங்கும் சகோதரிக்கு ஓர் ஆறுதலான செய்தியைச் சொல்ல வேண்டும். கற்றாழை பெரும்பாலும் விதையால் பெருகுவதில்லை. தன் மகரந்தத்தால் தானே கருவுறும் தன்மை அதற்கு இல்லை. நம் வீடுகளில் அது காய்த்து விதை விடுவதை நாம் காண்பதே அரிது. பக்கக் கன்றின் மூலமே அது பரவுகிறது. விதையிலிருந்து வரும் செடி தாயினின்று சற்றேனும் வேறுபட்டிருக்கும். பக்கக் கன்றோ மரபுக்கூறு அனைத்திலும் தாய்ச்செடியே. ஆகவே, அந்தத் தொட்டியிலிருந்து ஒரு விரலளவு கன்றை நீங்கள் காப்பாற்றினாலும், உங்கள் உம்மா நட்ட அதே செடி உயிரோடிருக்கிறது என்றே கொள்ளலாம். ஒரு வேளை அவருக்கும் அது யாரோ ஓர் அண்டை வீட்டார் தந்த கன்றாக இருந்திருக்கும். ஓமன் மலைச்சரிவிலிருந்து தச்சநல்லூர் வரை அது வந்து சேர்ந்தது இப்படிக் கைமாறிக் கைமாறியே.

மடலை வெட்டி நட்டால் முளைக்குமா என்று பலர் கேட்பதுண்டு. கற்றாழை மடல் முளைக்காது; அழுகிப்போகும். புதுச் செடியை உண்டாக்கும் முளைப்பகுதி மடலில் இல்லை. ஆனால் சதைப்பற்றுள்ள செடிகள் எல்லாம் அப்படியல்ல. ரணகள்ளியின் இலையை மேசைமீது போட்டு வைத்தாலும் ஓரங்களில் குட்டிகள் தோன்றும். மருள் செடியின் இலையை நான்கு விரற்கடைத் துண்டுகளாக்கி, உலர்த்தி, மணலில் ஊன்றினால் பொறுமையாக வேர்விடும். மேல்கீழ் மாறாமல் ஊன்ற வேண்டும். துவையலுக்கு வளர்க்கும் பிரண்டை அழுகினால், நல்ல கணுக்கள் இரண்டை வெட்டி உலரவைத்து ஊன்றினால் போதும். பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்தின் பருத்த அடி மெத்தென்று ஆகிவிட்டால், கற்றாழைக்குக் கூறிய அதே முறைப்படி நல்ல பகுதிவரை வெட்டி உலர்த்தலாம். ஆனால் அதன் பால் நஞ்சுடையது. கையுறை அணிந்து செய்யுங்கள்; பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மருந்தாகப் பயன்படுத்துவோர் கவனிக்க

கற்றாழையைச் சித்த மருத்துவம் 'குமரி' என்று அழைத்துப் பெருமைப்படுத்துகிறது. 1964 ஆம் ஆண்டு முதல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் பாளையங்கோட்டை நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. ஆகவே உள்ளுக்குச் சாப்பிட விரும்புவோர் முறைப்படி பயின்ற மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். வீட்டளவில் நினைவிற்கொள்ள வேண்டியவை மூன்று.

அழுகத் தொடங்கிய செடியின் மடலையும், வெள்ளநீர் மூழ்கடித்த செடியின் மடலையும் மேனிக்கும் பூசாதீர்கள், உண்ணவும் வேண்டாம். அது முற்றிலும் தேறிப் புது மடல் விடும்வரை காத்திருங்கள்.

மடலை வெட்டியவுடன் தோலை ஒட்டி வடியும் மஞ்சள்நிறக் கசப்புப் பால் வேறு. உள்ளிருக்கும் தெளிந்த சோறு வேறு. அந்தப் பாலைக் காய்ச்சி உலர்த்தியதே கடைகளில் மூசாம்பரம், கரியபோளம் என்னும் பெயர்களில் கிடைப்பது. அது கடுமையான பேதி மருந்து. கருவுற்ற பெண்கள் அதனைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பாதுகாப்பானது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, கற்றாழைப் பால் கலந்த பேதி மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதை 2002 ஆம் ஆண்டில் நிறுத்தியது. மடலை நிமிர்த்தி வைத்துப் பால் முழுவதும் வடிந்தபின், தோலைச் சீவி, சோற்றை நன்கு கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதாக, தேறிவரும் செடியின் மடலை ஆறு மாதத்திற்கேனும் வெட்டாதீர்கள். அந்த மடலே அதன் தண்ணீர்க்குடம்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு கணக்கு

மீண்ட செடி மறுபடியும் அழுகாதிருக்கத் தண்ணீர்க் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நாள் கணக்கைவிட மண்ணின் கணக்கே சிறந்தது. தென்னை ஈர்க்கு ஒன்றைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் வேண்டாம். உலர்ந்து வந்தால், அடித்துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்றுங்கள். பிறகு முற்றிலும் காயும்வரை மறந்துவிடுங்கள். நாள்தோறும் கையளவு தெளிப்பது தீமையே தரும்.

நம் பகுதிக் கோடையில் இக்கணக்கு பெரும்பாலும் வாரம் ஒருமுறை என்று வரும். தை, மாசி மாதங்களில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைத் தாழ்வாரத்திற்கு உள்ளே நகர்த்திவிட்டு, தண்ணீரையே மறந்துவிடலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்போர், வடிந்த நீரை உடனே கொட்டிவிட வேண்டும். தேங்கிய தட்டு நீரால் வேர் அழுகுவது ஒருபுறம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுவதும் அத்தகைய நன்னீரிலேதான்.

பிள்ளைகளைத் தோட்ட வேலையிலிருந்து விலக்க வேண்டியதில்லை. தண்ணீர்ச் செம்பை அவர்கள் கையில் கொடுக்குமுன் ஈர்க்கை முதலில் கொடுங்கள். 'குத்திப் பார், காய்ந்திருந்தால் ஊற்று' என்று கற்றுக்கொடுங்கள். அன்போடு அறிவையும் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்குச் செடி வளர்ப்பில் மட்டுமா பயன்படும்?

அரபு மொழியில் கற்றாழைக்கு வழங்கும் பெயர்களுள் 'ஸபிர்' என்பது ஒன்று. நாம் அனைவரும் அறிந்த 'ஸப்ர்' என்னும் சொல்லும் அதே வேர்ச்சொல்லைச் சேர்ந்தது. கசப்பையும் பொறுமையையும் அம்மொழி ஓரிடத்தில் வைத்திருக்கிறது. அழுகிய பகுதியை வெட்டி எறியும்போது கைக்கு வரும் கசப்பும், அதன்பின் பத்து நாட்கள் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும் பொறுமையும் சேர்ந்தே இச்செடியை மீட்கின்றன.

செடி தேறி, அதனடியில் ஒரு சாண் உயரத்திற்குக் கன்று வளர்ந்தவுடன், அதனைப் பிரித்து அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள். மணமாகிச் செல்லும் மகளுக்குக் கொடுத்தனுப்புங்கள். உங்கள் தொட்டிக்கு ஒரு மழைக்காலத்தில் ஏதேனும் நேர்ந்தாலும், அதே செடி இன்னொரு வளவில் உங்களுக்காக வளர்ந்துகொண்டிருக்கும். கேட்டு வாங்கி வந்து மீண்டும் நட்டுக்கொள்ளலாம்.

அடுத்த இதழில், கோடைக்கு முன் கறிவேப்பிலையைக் கவாத்து செய்யும் முறையைப் பார்ப்போம்.